பங்களாப் பட்டியலில் பதினொரு ‘இ’

அத்தியாயம் 9

சந்தேகம் வந்தால் சிலருக்குத் தூக்கம் போகும். சிலருக்குப் பசி போகும். பெரியவளுக்கு இரண்டும் போகவில்லை. நன்றாகத் தூங்கினாள், எழுந்தாள், குளித்தாள், வயிறாரச் சாப்பிட்டாள், பிறகு கோடு போட்ட காகிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தன் சொந்தத் தங்கையின் புருஷனைத் திருடன் என்று எழுத உட்கார்ந்தாள்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்த விவகாரம் அத்துப்படி. நடுவில் ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வார்த்தை. மேட்டுத் தெருவின் கோடியில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று நிற்கிறது. வாரிசுகள் இடித்துத் தள்ளப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் ஏழு பேர் சேர்ந்து, சம்பளமில்லாத ஒரு சங்கம் வைத்து, "நாங்க பார்த்துக்கறோம், இடிக்காதீங்க" என்று கெஞ்சிச் சாவியை வாங்கினார்கள். வாரிசுகள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருக்கிற பொருளில் ஒன்று வெளியே போனாலும் சாவி திரும்பி வந்துவிட வேண்டும்.

அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் நம் பெரியவள். வயிற்றுப்பாட்டுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் குழாய்களில் சீட்டு ஒட்டி, முடிவுத் தாளில் எதிரே ஓர் எழுத்துப் போடுகிறவள். உண்டு என்றால் ‘உ’. இல்லை என்றால் ‘இ’. அவள் போட்ட எழுத்தை இதுவரை எந்த டாக்டரும் திருப்பிக் கேட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

தங்கை சின்னவள், தையல்காரி. சின்னவளின் புருஷன் தச்சர். பங்களாவின் ஜன்னல், கதவு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அவர் கை பட்டுத்தான் மறுபடி நிமிர்ந்தன. அதற்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இழைத்துவிட்டுப் போவார்.

எட்டு நாளைக்கு முன் கரையான் மருந்து அடிப்பதற்காகப் பங்களாவைப் பூட்ட வேண்டி வந்தது. மாடி அறையில் இருந்த பன்னிரண்டு பொருள்களையும் கீழே இறக்கும் வேலையைத் தச்சர் தனியாளாக ஏற்றுக்கொண்டார். துணியில் சுற்றிக் கட்டி முன்னறையில் வைத்தார். பட்டியலில் குறித்தார். "எல்லாம் எழுதியாச்சு அக்கா, நீங்களே பாருங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டும் போனார். பெரியவள் அதை நாலைந்து நாள் கைப்பையிலேயே போட்டு வைத்திருந்து, பிறகு வீட்டில் வைத்துப் பிரித்தபோது பதினொரு பொருள்களுக்கு எதிரே ‘இ’ என்று எழுதியிருந்தது.

பதினொன்று இல்லை! கதவுக் குமிழ் இல்லை, சுவர்க் கடிகாரம் இல்லை, கண்ணாடி மைக்கூடு இல்லை, குடை வைக்கும் ஜாடிகூட இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் தன் கையால் தூசி தட்டிய சாமான்கள். ஒன்பதாவதாக இருந்த வேலையாட்கள் பதிவேட்டுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அது ஒன்றுதான் தப்பியது போலிருக்கிறது.

‘துணிச்சலைப் பாரு’ என்று அவள் மனசுக்குள் பொங்கினாள். ‘எடுத்த ஆளே இல்லைன்னு எழுதி, அதை என் கையிலயே கொடுத்துட்டுப் போறாரு. நாளைக்குக் கேட்டா, நான் போனப்பவே இல்லையேன்னு சொல்லிக்கலாம் பாரு!’

ஒரு வார்த்தை அவரையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் உஷாராகிவிடுவாரே! சந்தேகப்படுகிறவர்களுக்கு உள்ள பெரிய சௌகரியம் இதுதான். கேட்டால் தெளிந்துவிடும் என்பதாலேயே கேட்க மாட்டார்கள். பங்களாவையோ திறக்க முடியாது, உள்ளே மருந்து வாடை. ஆகவே பெரியவள் மூன்று நாள் உள்ளுக்குள்ளேயே வைத்துக் குமைந்தாள். நாலாவது நாள் காலை, அதாவது இன்று, பேனாவை எடுத்தாள்.

"என்ன எழுதறே?"

தலைக்கு மேலே கணவரின் குரல். போன வருஷம்வரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போது வீட்டுக்குள்ளேயே முன் வாசலுக்கும் பின் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். சங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "பல்லு போன வீட்டுக்குப் பல்லு தேய்ச்சு விடறீங்க" என்று கிண்டல் அடிப்பார்.

பெரியவள் கையால் காகிதத்தை மறைத்தாள். ஆனாலும் மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்த ‘திருட்டுப் புகார்’ வெளியே தெரிந்தது.

"பங்களாவுல பொருள் காணாமப் போயிருக்குங்க. இன்னைக்கு மூணு மணிக்குத் திறக்கறோம். நாலு மணிக்குக் கூட்டம். இதைப் படிச்சுட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

"யார் மேல?"

"முடிஞ்சதும் சொல்றேன். நம்ம வீட்டு ஆளுன்னு வச்சுக்கோங்களேன். வெளியே சொன்னா மானக்கேடு."

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டதையே மறுபடி போட்டார்.

"இன்னைக்கேதான் திறக்கணுமா?" என்றார்.

"எட்டு நாள் முடிஞ்சுதே. ஏன்?"

"இல்லை, சும்மா கேட்டேன்."

வழக்கமான கிண்டல் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இருபத்திரண்டு வருஷ அனுபவசாலி அதைக் குறித்துக்கொண்டிருப்பாள். ஆனால் இன்று அவள் சந்தேகம் முழுவதும் ஒரே ஆளின் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது, வேறு யாருக்கும் மிச்சமில்லை.

கிளம்புவதற்கு முன் சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள். தலைவர் ஓய்வுபெற்ற சர்வேயர். தங்கமான மனிதர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது. ஊரில் அவருக்கு மைக்செட் என்று பெயர்.

"விஷயம் வெளியே போயிடக் கூடாதுங்க தலைவரே. என் தங்கச்சி வாழ்க்கை" என்றாள்.

"சேச்சே! தச்சரு திருடினார்னு நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?" என்று தலைவர் டீக்கடையில் நின்றபடி போனில் முழங்கினார்.

* * *

மதியம் ஒரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராகத் தங்கையின் தையல் கடைக்குப் போனாள். கையில் ஒரு பழைய ரவிக்கை. கை கொஞ்சம் இறுக்கம், பிரித்துத் தை என்பது சாக்கு. உண்மையில் அவள் போனது கண்ணை ஓட்டுவதற்கு.

கடை ஒரு அறைதான். இரண்டு தையல் மிஷின், வெட்டுமேஜை, மூலையில் துணிக் குவியல், சுவரோரம் புதிதாக ஓர் அலமாரி. பெரியவளின் பார்வை அந்த அலமாரியிலேயே நின்றது. இழுப்பறைகளில் உருண்டையாய், மஞ்சளாய் நாலு குமிழ்கள் பளபளத்தன.

பட்டியலில் முதல் பொருள்: பித்தளைக் கதவுக் குமிழ், நாலு.

"வா அக்கா! என்ன திடீர்னு?" சின்னவள் மிஷினிலிருந்து எழுந்தாள். கழுத்தில் அளவு டேப், வாயில் ஒரு ஊசி. ஊசியை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டாள்.

"அலமாரி புதுசா?"

"அவரு செஞ்சு கொடுத்தாரு. போன வாரம்தான் வந்துச்சு. அழகா இருக்குல்ல?"

"குமிழெல்லாம் ஜோரா இருக்கே. எங்கே புடிச்சாரு?"

"யாருக்குத் தெரியும்? எங்கேயோ புடிச்சாரு."

எங்கேயோ! சொன்னால் வெட்கம், பெரியவளுக்கு உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தான் நினைத்தது சரி என்கிற சந்தோஷம். அதை உடனே அடக்கினாள். இவள் என் தங்கை, சின்ன வயசில் நான் சடை பின்னிவிட்ட தங்கை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. தம்பி எப்படி இருக்காரு?"

சின்னவள் குரலைத் தணித்தாள். "அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். ஒரு வாரமா மனுஷன் சரியா பேச மாட்டேங்கறாரு. எதையோ மனசுல வச்சுக்கிட்டு மென்னு முழுங்கறாரு."

"எதையாம்?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். "விடு. பெரிசா ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டு அளவு நோட்டை எடுத்தாள்.

அந்த ‘விடு’ பெரியவளின் காதில் ஊசியாக இறங்கியது. அப்படியானால் இவளுக்கும் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு!

நோட்டில் வாடிக்கையாளர்களின் அளவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வரியிலும் மா, கை, இ என்று எழுத்து, பக்கத்தில் எண்.

"இது என்னடி, எல்லாருக்கும் இல்லைன்னு போட்டு, பக்கத்துல எண்ணும் போட்டு வச்சிருக்கே?"

"எது?" சின்னவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ அக்கா, அது இடுப்பு! இல்லைன்னு போட்டா பாவாடை எதுல நிக்கும்?"

பெரியவளும் கடமைக்குச் சிரித்து வைத்தாள். பிறகு மறுபடி அலமாரிக் குமிழைப் பார்த்தாள். வாசலில் கொண்டுவந்து வைத்தாற்போல விடை கிடைத்தது. இந்த அம்மாள் அதைத் தாண்டிக் குதித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். என்ன செய்வது, சொல்லுங்கள்.

* * *

மூன்று மணிக்குப் பங்களாவின் பெரிய கதவு திறந்தது. மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. தலைவர் ஜன்னல்களைத் திறந்துவிட்டுக்கொண்டே போனார். சங்கத்து ஆட்கள் இன்னும் நாலு பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். அவர்கள் யாரும் பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கடை வேலை செய்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

முன்னறைத் தரையில் துணி மூட்டைகள் வரிசையாக இருந்தன. தையல் கடை வெட்டுத் துணிகளில் சுற்றி, சணலில் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை எண்.

பெரியவள் நின்றுவிட்டாள். ஒரு மூட்டைதானே இருக்க வேண்டும்?

எண்ணினாள். பதினொன்று.

‘உள்ளே கல்லை வச்சுச் சுத்தியிருப்பாரு’ என்று சொல்லிற்று மனசு. மனசு இருக்கிறதே, லேசில் தோற்காது.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தச்சர் கருவிப் பையோடு வந்தார். அவருக்குப் பின்னால், கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்க ஓடி வந்தாள் சின்னவள்.

"அக்கா!" அவள் குரல் அந்த உயரமான கூரையில் முட்டித் திரும்பியது. "இவரைத் திருடன்னு எழுதி வச்சிருக்கியாமே? என் கடைக்கு வந்த அம்மா சொல்றாங்க. வெளியாளு சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? மதியம் என் கடையில வந்து உட்கார்ந்து, என் நோட்டைப் பார்த்துச் சிரிச்சுட்டு வந்தியே!"

தச்சர் பையைக் கீழே வைத்தார். "என்ன பேசறே நீ? அக்காவா? இருக்காது" என்றார். பிறகு பெரியவளைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நானா எழுதினேன்?" பெரியவளின் குரலும் ஏறியது. கைப்பையிலிருந்து பட்டியலை உருவினாள். "தம்பியே அவரு கைப்பட எழுதியிருக்காரே! பாருங்க தலைவரே, இ, இ, இ. பதினொரு பொருள் இல்லை, இல்லை, இல்லைன்னு!"

தச்சர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"இல்லையா? அக்கா, இது இருக்கு."

"எது இருக்கு?"

"எல்லாம் இருக்குக்கா. இ-ன்னா இருக்கு."

"இ-ன்னா எப்படிங்க இருக்கு?"

"மரக்கடையில நாங்க அப்படித்தானே எழுதுவோம். சரக்கு இருந்தா இ. இல்லைன்னா ஒண்ணும் எழுத மாட்டோம்." அவர் பாவமாக விழித்தார். "இல்லாததுக்கு எதுக்குக்கா மையைச் செலவு பண்ணணும்?"

சின்னவள் முதல் மூட்டையின் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாலு பித்தளைக் குமிழ்கள் தரையில் உருண்டன. கனமான, கறுத்துப்போன, அசல் பித்தளை. அலமாரியில் பார்த்தவை இவற்றுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. அடுத்த மூட்டையில் கடிகாரம். அடுத்ததில் மைக்கூடு. ஜாடி. ஒவ்வொன்றாக வெளியே வர வர, பெரியவள் ஒவ்வொரு அங்குலமாகக் குறுகிப்போனாள்.

"நான் இடுப்புக்கு இ போடறேன். என்னைப் பத்தி என்னன்னு எழுதப் போறே?" என்றாள் சின்னவள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"தம்பி..." பெரியவள் தச்சரின் பக்கம் திரும்பினாள். கைகூப்பக் கை எழுந்தது, பாதியில் நின்றது. "எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. லேப்புல இ-ன்னா இல்லை. அதையே பார்த்துப் பார்த்து... ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கணும். கேட்கலை. தப்பு என் மேலதான் தம்பி."

"விடுங்கக்கா" என்றார் தச்சர். குரல் வறண்டிருந்தது. "எழுத்துதானே. எழுத்தால வந்துச்சு, போச்சு."

அவர் அப்படிச் சொன்னது அவளுக்குத் திட்டியதைவிட அதிகமாக வலித்தது. புகார்க் காகிதத்தை நாலாக மடித்துக் கிழிக்கப் போனாள்.

"இருங்க, இருங்க!" என்றார் மைக்செட்.

சர்வேயர் புத்தி எங்கே போகும்? அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இ-ன்னா இருக்கு. சரி. ஒண்ணும் எழுதலைன்னா இல்லை. அதுவும் சரி. அப்போ இந்த ஒன்பதாவது? வேலையாட்கள் பதிவேடு? இதுக்கு எதிரே ஒண்ணும் எழுதலையே!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பதினொரு துணிகள் பிரிந்து கிடந்தன. பன்னிரண்டாவது மூட்டை கிடையாது.

பெரியவள் தலைவரின் விரலடியில் இருந்த வரியைக் குனிந்து பார்த்தாள். மூன்று நாளாக, அது ஒன்றாவது தப்பியதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தாளே, அதுதான் போயிருக்கிறது. பங்களாவில் துரை இருந்தான், அதிகாரி இருந்தான் என்று சொல்ல நூறு சாட்சி உண்டு. சமைத்தவர்கள், துவைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள் இன்னார் என்று சொல்ல அந்த ஒரு பதிவேடுதான் இருந்தது. சங்கம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற நினைத்ததும் அதைத்தான்.

"தச்சரே, அன்னைக்குச் சாவி உங்ககிட்ட. உள்ளே இருந்தது நீங்க. இதுக்கு என்ன பதில்?" என்றார் தலைவர்.

தச்சர் கருவிப் பையின் வாரைத் திருகினார். "என் பொறுப்புலதான் இருந்துச்சு" என்றார். "எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியலை. புகார்ல என் பேரே இருக்கட்டும். மாத்த வேண்டாம்."

பெரியவள் அவரை உற்றுப் பார்த்தாள். மூன்று நாளாக அவர் செய்யாத குற்றத்துக்கெல்லாம் அவரைச் சந்தேகப்பட்டவள். இப்போதுதான் முதல் தடவையாக அவர் உண்மையாகவே பொய் சொல்கிறார். அது பச்சையாகத் தெரிந்தது. சொல்லிவிட்டு அவர் ஒரு நொடி சின்னவளைப் பார்த்தார். ‘வாயைத் திறக்காதே’ என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து மாடிப்படிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருடி எடுத்தது?"

"எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியும். மதியம் சொல்ல வந்தே, முழுங்கிட்டே. யாரு?"

"வேண்டாம்க்கா."

"உன் புருஷன் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நிக்கறாரு. நாளைக்கு ஊர்ல உன்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க? சொல்லுடி!"

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அத்தான். சாமான் இறக்கின அன்னைக்கு உனக்கு மூக்குக்கண்ணாடி இங்கே கொண்டாந்தாரு, நீ வீட்டுலயே விட்டுட்டேன்னு. நீ அப்போ லேப்புக்குப் போயிட்டே. நான் துணி கொடுக்க வந்திருந்தேன். அத்தான் சும்மா அந்தப் பதிவேட்டைப் புரட்டினாரு. ஒரு பக்கத்துல அப்படியே நின்னுட்டாரு. கூப்பிட்டோம், காதுல விழலை. அப்புறம் அதைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு, ஒரு வார்த்தை பேசாம இறங்கிப் போயிட்டாரு. சகலை விஷயம், நாம எப்படிச் சொல்றது, அவரே கொண்டாந்து வச்சுடுவாருன்னு இவரு எட்டு நாளா காத்துக்கிட்டு இருக்காருக்கா."

எட்டு நாளாகப் பெரியவளின் மானத்தை ஒரு மனிதர் வாயை மூடிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவளோ அந்த மனிதரின் மானத்தை வாங்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"இப்போ என்ன செய்யப் போறே?" என்றாள் சின்னவள்.

பெரியவள் நேராக முன்னறைக்கு வந்தாள்.

"தலைவரே, தம்பி பேரை அடிச்சுடுங்க. பதிவேட்டை எடுத்துட்டுப் போனது எங்க வீட்டுக்காரர்."

மைக்செட்டுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் வரவில்லை. தச்சர், "அக்கா, எதுக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேட்காமலே எழுதினேன் பாருங்க, அந்தப் புத்தி போதும். இந்த முறை கேட்டுட்டு எழுதறேன்" என்று போனை எடுத்தாள்.

ஜன்னலோரம் தள்ளிப் போய் நின்று எண்ணை அழுத்தினாள். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போல் எடுத்தார் கணவர்.

"போலீஸ் எப்போ வருது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"என்னங்க பேசறீங்க?"

"காலையில நீ எழுதினப்பவே பார்த்துட்டேன். நம்ம வீட்டு ஆளுன்னு நீயே சொன்னியே. எம்மேல எழுதறே, எங்கிட்டயே மறைக்கறேன்னு புரிஞ்சுது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ, ஏன் எடுத்தேன்னு ஒரு வார்த்தை கேட்கலையே."

"ஐயோ, அது உங்க மேல இல்லைங்க. எனக்கு இப்போதான் தெரியும். ஏங்க எடுத்தீங்க?"

"அதுல எங்க தாத்தாவோட அப்பா பேரு இருக்கு. குதிரை லாயத்துல வேலை. எதிரே ‘திருடன், வெளியேற்றப்பட்டான்’னு துரை எழுதியிருக்கான். அவர் திருடினாரா இல்லையான்னு யார் கேட்டாங்க, யார் விசாரிச்சாங்க? நீங்க அதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவீங்க. எனக்குத் தாங்கலை. ரெண்டு நாள் வச்சிருந்துட்டுத் திருப்பி வச்சுடலாம்னுதான் எடுத்தேன். சத்தியமா. பூட்டிட்டீங்க, வைக்க முடியலை."

"சரி, போகட்டும். இப்போ எடுத்துக்கிட்டு உடனே வாங்க. நான் எல்லார்கிட்டயும் பேசிக்கறேன். ஒண்ணும் ஆகாது."

"வர்றேன்." அவர் குரல் உடைந்தது. "ஆனா காலையில நீ அதை எழுதிட்டுப் போனதும், என் தலைமுறையிலயும் அதே பேருதானான்னு... அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

நூறு வருஷம் கரையான்கூடத் தொடாத பக்கம். மற்ற ஆட்களின் பெயர்களும் அதில்தானே இருந்திருக்கும்! எத்தனை குடும்பமோ, யார் யாரோ. தான் இன்று காலை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதிய அந்த எழுத்துதான் அந்த அடுப்பை மூட்டியிருக்கிறது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஐந்து சங்கத்தார், தச்சர், தங்கை, அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா சொல்றார்?" என்றார் தலைவர்.

"அவருதான் எடுத்திருக்காரு. ஒத்துக்கிட்டாரு. பதிவேட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டே இருக்காரு."

"அப்பாடா!" தலைவரின் குரல் பழையபடி கூரையை எட்டியது. "பொருள் வந்துட்டா போதும்மா. வாரிசுகள்கிட்ட வாயே திறக்க வேண்டியதில்லை. யாராவது டீ சொல்லுங்கப்பா!"

அறையில் பேச்சும் சிரிப்பும் கிளம்பின. தச்சர் குனிந்து குமிழ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். சின்னவள் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதான் சொன்னாராக்கா?"

தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"அவ்வளவுதான்டி" என்றாள் பெரியவள்.